நாலாவது குமிழ்

தமன்ராசெத், 12 நவம்பர் 2000

மச்சான் கியாருக்குப் பிஸ்கா எழுதுவது.

உடம்பு எப்படி, வேலைக் களைப்பு எப்படி, அந்தக் கடற்காற்று எப்படி? இங்கே நான் நலம், உன் தங்கை ராய்ஷா நலம், உன் அம்மா நலம், ஆடுகள் நலம். நலம் மட்டும்தான்.

ஓர் உதவி வேண்டும். சிரிக்காமல் படி. போன வாரம் ஒத்திகையில் நம் பாட்டுக்காரன் மஸ்தான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "உன் பேஸ் கிட்டார் மூணு கால் ஒட்டகம்டா பிஸ்கா. ரெண்டு அடி ஒழுங்கா வைக்குது, மூணாவதுக்கு மண்ணுல விழுது." அவன் சொன்னது பொய்யில்லை. என் கட்டைவிரல் கம்பியை அறைகிறது, மற்ற விரல் தடவுகிறது. ஒரு சுரம் இடி, அடுத்தது காதில் விழுவதே இல்லை. பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும் கம்ப்ரசர் பெடல் ஒன்று இருக்கிறதாமே? ஓரான் ஒலிப்பதிவுக் கூடத்தில் நீ பத்து வருஷமாக இதில்தான் குப்பை கொட்டுகிறாய். நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பு.

அவசரம் ஏன் என்றால், மார்ச்சில் ராய்ஷாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். வாசிப்பது நாங்கள். உன் அம்மா முன்வரிசையில் இருப்பார். அவர் எனக்கு வெறும் அத்தையாக இருந்த வரைக்கும் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டே கிட்டார் தட்டியவன் நான். ராய்ஷாவைக் கட்டிய நாளிலிருந்து அவர் எதிரே வந்தால் தலைப்பாகையோடு கட்டிய முகத்துணியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டுகிறேன், நம் மருமகன்கள் வழக்கப்படி அவர் இருக்கும் இடத்தில் ஒரு வாய் ரொட்டிகூடத் தின்றதில்லை. மாமியார் எதிரே காதல் பாட்டுக்கு வாசிப்பது என்றால் நினைக்கவே உடம்பு கூசுகிறது. ஒரு சுரம் தடித்து வந்தாலும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வாசிப்பு கேட்க வேண்டும், வாசிப்பவன் அங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது.

பதிலுக்குக் காய்ந்த பாலாடைக்கட்டி ஒரு பை அனுப்புகிறேன். உன் பல்லுக்கு நல்லது.

பிஸ்கா


ஓரான், 3 டிசம்பர் 2000

மூன்று கால் ஒட்டகத்துக்கு,

நொண்டும் கால் எப்படி, சுமக்கும் முதுகு எப்படி? நான் நலம். பாலாடைக்கட்டி வரட்டும். உன் கையால் தொட்டிருந்தால் கழுவிவிட்டுத் தின்கிறேன்.

விசாரித்தேன். இங்கே தெரிந்த கடையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கிட்டாருக்கானது, சிவப்பு, இரண்டே குமிழ். அது உனக்கு ஆகாது. தடித்த கம்பியின் அடிச்சத்தத்தை அது மென்று தின்றுவிடும், மிச்சம் வருவது கொசு. இன்னொன்று பேஸுக்கென்றே செய்தது, நீல நிறம், நாலு குமிழ். எந்த அளவுக்கு மேல் போனால் பிடிக்க வேண்டும் என்பது முதல் குமிழ். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பது இரண்டாவது. எவ்வளவு சீக்கிரம் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்பது மூன்றாவது. அமுக்கியதற்கு ஈடாக மொத்தத்தையும் தூக்கிக்கொடுப்பது நாலாவது. உன் மூளைக்கு நாலு குமிழ் ஜாஸ்திதான், இருந்தாலும் இதையே வாங்குகிறேன். உன் பேஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுது. அதைப் பொறுத்துத்தான் அளவு சொல்ல முடியும்.

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு நான் அனுப்பிய ஒலிநாடாவுக்குப் பதிலே இல்லை. முன்பெல்லாம் ராய்ஷாவை எழுதச் சொல்லிவிட்டு, கடைசியில் தன் கையால் நம் பாலைவனத்து எழுத்தில் நாலு கோடும் புள்ளியும் போட்டு அனுப்புவாள். போன இரண்டு கடிதத்தில் அது இல்லை. என்மேல் கோபமா? நாலு வருஷமாக ஊருக்கு வராதவன்மேல் கோபப்படாமல் யார்மேல் படுவாள் என்று நீ சொல்வாய். தெரியும். சொல்லாதே.

கியார்


தமன்ராசெத், 28 டிசம்பர் 2000

மச்சானுக்கு,

குளிர் எப்படி, இருமல் எப்படி? இங்கே எல்லாரும் நலம். உன் தங்கைக்கு இரண்டு மாதம். ஆமாம், நீ மாமனாகப் போகிறாய். உன்னைப் போல் மூக்கு வராமல் இருக்க ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

நீலத்தையே வாங்கு.

என் பேஸின் கதையைக் கேட்டால் அழுவாய். போன கோடையில் உள்ளே இருந்த காந்தச் சுருள் வெந்துபோனது. ரேடியோ ரிப்பேர்காரன் அதைப் பிடுங்கிவிட்டு, தட்டையான வில்லை ஒன்றை மரத்துக்குள் ஒட்டிக் கம்பி இழுத்துக் கொடுத்தான். காசு அகலத்தில் இருக்கும். மரம் அதிர்ந்தால் அது கேட்கும். சத்தம் நன்றாகத்தான் வருகிறது, விரல் நகம் பட்டால்கூட வருகிறது. நான் தரையில் உட்கார்ந்து, மரத்தின் தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டு வாசிக்கிறேன். அப்படி உட்கார்ந்தால் முகம் பாதி மறையும், அதுவும் ஒரு வசதி.

உன் அம்மாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. கைவிரல் குளிரில் மரத்துப்போகிறதாம், அதனால்தான் எழுதவில்லையாம். உன் ஒலிநாடாவை ராய்ஷா போட்டுவிட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தார். நலமாக இருக்கிறார். நலம் மட்டும்தான்.

பெடலைச் சீக்கிரம் அனுப்பு.

பிஸ்கா


ஓரான், 20 ஜனவரி 2001

அப்பனாகப் போகும் ஒட்டகத்துக்கு,

களைப்பு எப்படி, புதுப் பெருமை எப்படி? செய்தி படித்துக் கூடத்தில் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

பெடலை லாரிக்காரர் ஹம்மூவிடம் கொடுத்திருக்கிறேன். இனி கவனமாகப் படி. மூன்றாவது குமிழைக் கொஞ்சம் மெதுவாக வை. விரல் பட்ட முதல் தட்டு தப்பித்துப் போகட்டும், அதற்குப் பிறகு பிடிக்கட்டும். வாசலிலேயே கழுத்தைப் பிடித்தால் சுரம் செத்துப்போகும். அமுக்குவது மிதமாக இருக்கட்டும். பெடல் உன் விரலைத் திருத்தாது, உன் விரல் செய்யும் அசிங்கத்தைக் கொஞ்சம் மூடும், அவ்வளவுதான். விரலைத் திருத்த வேண்டியது நீ.

நாலாவது குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதே. மரத்தில் வில்லையை வேறு ஒட்டிவைத்திருக்கிறாய். கம்பி பேசும்போது அமுக்கும், கம்பி ஓய்ந்ததும் வேறு என்ன கிடைக்கும் என்று துழாவி எடுத்து மேலே தூக்கும். உன் வயிற்று இரைச்சலை ஊரே கேட்கும். மோவாய் வேறு மரத்தில்! நீ வாயைத் திறந்தால் அதுவும் எலும்பு வழியாக மரத்துக்குள் இறங்கி ஒலிபெருக்கியில் வரும். பிறந்ததிலிருந்து வாயை மூடத் தெரியாதவனுக்கு இது பெரிய ஆபத்து. அதனால் வாயை மூடிக்கொண்டு வாசி, அல்லது கழுதைக்குப் போடும் வாய்ப்பூட்டு ஒன்று வாங்கிக்கொள்.

கியார்


தமன்ராசெத், 18 பிப்ரவரி 2001

மச்சானுக்கு,

உன் நாக்கின் நீளம் எப்படி? நாங்கள் நலம்.

பெடல் பத்திரமாக வந்தது. நீலம் அழகாக இருக்கிறது. ரேடியோ ரிப்பேர்காரன் பட்டறையில் கார் பேட்டரியில் மாட்டிப் பார்த்தோம். உன் சொல்படி முதல் மூன்று குமிழையும் வைத்தேன். அடேயப்பா! கட்டைவிரலும் மற்ற விரலும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்து நடக்கின்றன. மஸ்தான் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "யாருடா வாசிக்கிறது? பிஸ்கா எங்க போனான்?" இதைத்தானே நான் கேட்டேன்.

நாலாவது குமிழ் விஷயத்தில் உன் ஏமாற்று என்னிடம் பலிக்காது. வயிற்று இரைச்சலாம், எலும்பு வழியாகப் பேச்சாம், வாய்ப்பூட்டாம்! கிணற்றுக்குள் பேய் இருக்கிறது, உன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் என்று சொல்லி ஏழு வயதில் என்னை ஒரு வாரம் தண்ணீர் எடுக்க விடாதவன்தானே நீ? அத்தை மகன் சொல்வதில் பாதி கேலி, மீதியும் கேலி. குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டேன். அப்போதுதான் மெல்லிய சுரங்கள் எல்லாம் எழுந்து வருகின்றன. சும்மா இருக்கும்போது கொஞ்சம் இரைகிறது, அதனால் என்ன?

கல்யாணம் மார்ச் எட்டாம் தேதி.

பிஸ்கா


ஓரான், 30 மார்ச் 2001

பிஸ்காவுக்கு,

எல்லாரும் நலமா? கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பேரும் புகழும் வந்து தலை கனத்துவிட்டதா?

நாலாவது குமிழைப் பற்றி நான் எழுதியது கேலி இல்லையடா. எழுதிய விதம் கேலி, விஷயம் நிஜம். அதை உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குறைத்து வைத்துத்தானே வாசித்தாய்?

அம்மா எப்படி இருக்கிறாள்? ராய்ஷாவும் எழுதவில்லை. உங்கள் எல்லார் கையும் ஒன்றாகவா மரத்துப்போயிற்று?

கியார்


தமன்ராசெத், 15 ஏப்ரல் 2001

மச்சானுக்கு,

நீ நலமா? இங்கே நலம்.

கல்யாணம் நடந்தது. பெடல் நன்றாக வேலை செய்கிறது. மூன்றாவது குமிழை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினால் பேஸுக்குக் கனம் வருகிறது என்று கண்டுபிடித்தேன். பேட்டரி இறங்கினால் சத்தம் கரகரக்கிறது, அதையும் கவனித்தேன். ராய்ஷா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். தலைப்பிள்ளை என்றால் அங்கேதானே. கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டாள். காற்று அதிகம், மணல் வீட்டுக்குள் வருகிறது.

இதற்கு மேல் விசேஷம் இல்லை.

பிஸ்கா


ஓரான், 9 மே 2001

பிஸ்கா,

கல்யாணத்தில் பதிவு செய்த ஒலிநாடாவைப் பிரதி எடுக்கச் சொல்லி மஸ்தான் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறான். என் மேசைக்குத்தான் வந்தது.

கேட்டேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் உன் குரல் வருகிறது. மஸ்தானின் குரலைவிடத் தெளிவாக இருக்கிறது. பிறகு யாரோ இரண்டு பேர் சிரிக்கிறார்கள். பிறகு ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் என் அம்மா கேட்கிறாள்: "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் போகணும்?"

அம்மாவுக்கு எத்தனை நாளாகக் கண் தெரியவில்லை?

கியார்


தமன்ராசெத், 24 மே 2001

கியாருக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண்ணில் பால் போலப் பூத்துவிட்டது. உனக்கு எழுதக் கூடாது என்று அவர் ராய்ஷாவிடம் சத்தியம் வாங்கினார். "அவன் வேலைய விட்டுட்டு ஓடி வருவான். ஊர்ல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நான் பாத்துக்குவேன்." வெளியே போகும்போது ராய்ஷா பக்கத்தில் ஒட்டி நடப்பாள், இவர் தலையை நிமிர்த்திக்கொண்டு, எதிரே வருகிறவர் பேசும் வரைக்கும் காத்திருந்து பேர் சொல்லிப் பதில் கொடுப்பார். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவ்வளவு அழகாகச் சமாளித்தார்.

கல்யாணத்தன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நல்ல வெளிச்சம். மூன்றாவது பாட்டு முடிந்தது. ராய்ஷாவை யாரோ சமையல் பக்கம் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் தனியாக எழுந்து, பெண்கள் பாய் என்று நினைத்து, ஆண்களின் பாயில் வந்து உட்கார்ந்தார். மணமகனின் தகப்பனார் பக்கத்தில். அவர்கள் ஏதோ மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள். கேவலம் ஒன்றும் நடந்திருக்காது. நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

நான் கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மோவாயை மரத்தில் ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் கைத்தாளம் போடுபவனிடம் கிசுகிசுத்தேன். என்ன சொன்னேன் என்று நீ கேட்டுவிட்டாய். இருந்தாலும் என் கையாலேயே எழுதுகிறேன், இது எனக்கு வேண்டும். "பாருடா கெளவிய. கண்ணு அவிஞ்சுபோச்சு, தெரியுற மாதிரி நடிக்குது. மாப்பிள்ள தேடி ஆம்பளைங்க பாய்க்கு வந்துருக்கு." முன்னால் அவர் பேரையும் சொன்னேன். மருமகன் வாயால் வரவே கூடாத பேர். அதை மட்டும் எழுத மாட்டேன்.

பயத்தில் உளறினேன் என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். இல்லை. அவனைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். என்னைத் தொட்டிலில் ஆட்டிய பெண்ணை வைத்து ஒரு சிரிப்பு வாங்கப் பார்த்தேன். என் குரல் ஒலிபெருக்கியிலிருந்து எனக்கே திரும்பி வந்தபோது, இது யாருடைய குரல் என்று ஒரு கணம் யோசித்தேன். பூமி பிளந்து விழுங்கவில்லையே என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அவர் எழுந்தார். வழி தெரியவில்லை. "எந்தப் பக்கம்" என்று கேட்டார். நான் ஐந்து அடி தூரத்தில் இருந்தேன். மருமகன் எழுந்து போய்க் கை கொடுக்க முடியுமா? முகத்துணியை இழுத்துக் கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ராய்ஷா ஓடி வந்து கூட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் அங்கேதான், பிள்ளைப்பேறு என்பதெல்லாம் நான் கட்டிய கதை. அவர் அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை.

உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

பிஸ்கா


ஓரான், 17 ஜூன் 2001

பிஸ்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் உன் பல்லை உடைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. இப்போதும் அது முழுசாகப் போகவில்லை. அத்தை மகன், மாமன் மகன் என்றால் எதையும் சொல்லலாம். என் அம்மாவைச் சொல்லலாம் என்று யாருமே நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் யாரைத் திட்டுவது? இரண்டு வருஷமாகப் பெற்றவளுக்குக் கண் தெரியவில்லை, மகன் ஓரானில் உட்கார்ந்து ஒலிநாடா அனுப்பிக்கொண்டிருக்கிறான். மற்றவன் பாட்டில் ஊசி விழும் சத்தம் கேட்டால் பிடித்துவிடுவேன். அம்மா கடிதத்தில் கையெழுத்து நின்றுபோனது தெரிந்தும், குளிர் என்று நீ சொன்னதும் சரி என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.

ஒலிநாடாவில் அந்த இடத்தை வெட்டிவிட்டேன். பிரதி எதிலும் அது இருக்காது. ஊரார் காதில் வெட்ட என்னால் முடியாது.

இங்கே கண் டாக்டரைப் பார்த்தேன். புரைதான், வெட்டி எடுத்தால் தெரியும் என்கிறார். ஜூலை ஒன்பதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது தவறினால் அடுத்தது குளிர்காலத்தில்தான். நான் அங்கே வந்து அழைத்துவரப் போனால் இங்கே காகிதமெல்லாம் கையெழுத்தாகாது, தேதி போய்விடும். ராய்ஷாவுக்கு எட்டு மாதம். வேறு ஆண்பிள்ளை வீட்டில் இல்லை.

நீ கூட்டிக்கொண்டு வா. எப்படி என்று எனக்குத் தெரியாது. நீ கெடுத்தாய், நீ கொண்டு வந்து சேர்.

கியார்


கர்தாயா, 9 ஜூலை 2001

கியாருக்கு,

திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்நேரம் அறுவை முடிந்திருக்கும். ஆண்டவன் கண்ணைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஓரான் நிலையத்தில் உன் முகத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறோம், கட்டிப்பிடிக்கக்கூட முடியவில்லை. பேசினால் அவருக்குக் குரல் தெரிந்துவிடும்.

யோசனை ராய்ஷாவுடையது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாசலில் வந்து நின்று பேசினாள். "அம்மா உன் கூட வர மாட்டாங்க. செத்தாலும் வர மாட்டாங்க. அதனால நீ இன் சாலா ஊர்க்காரன். அரபுப் பையன், ஓரான்ல உறவு பாக்கப் போற. நம்ம பேச்சு உனக்குப் புரியாது, நீ வாயே தொறக்கக் கூடாது. ஒரு தடவையாவது அந்த வாய மூடு." நான் தலையாட்டினேன். அவள் அழுதாள். நானும்தான்.

கையைத் தொடவில்லை. ஒரு குச்சியின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தோம், மறுமுனை என்னிடம். படி வந்தால் குச்சியைத் தாழ்த்தினேன், பள்ளம் வந்தால் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டார். சோதனைச் சாவடிகளில் யாராவது என் பேரைச் சத்தமாக வாசித்துவிடப் போகிறார்கள் என்று நானே முதலில் இறங்கி ஓடிக் காகிதம் காட்டினேன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் ரொட்டியும் பேரீச்சையும் வாங்கிக் கொடுத்தேன். இன் சாலாவுக்கு அப்புறம் அவர் பேசத் தொடங்கினார். எனக்கு நம் பேச்சு புரியாது என்று நினைத்தாரோ என்னவோ, உன்னைப் பற்றிச் சொன்னார், பிறக்கப் போகும் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

பெடல் வீட்டில்தான் இருக்கிறது. நாலாவது குமிழைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அதை மாட்டாமல் வாசிக்கிறேன். கட்டைவிரல் இன்னும் அறைகிறது, கொஞ்சம் குறைந்திருக்கிறது. சபையில் வாசிக்க மனம் வரவில்லை.

அவரைப் பற்றி ஒரு வரி எழுது. நான் கூட்டி வந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

பிஸ்கா


ஓரான், 28 ஜூலை 2001

மச்சான் பிஸ்காவுக்கு,

உடம்பு எப்படி, களைப்பு எப்படி, மனசு எப்படி? ராய்ஷாவுக்கு வலி கண்டால் உடனே தந்தி கொடு. அடுத்த மாதம் அம்மாவை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு மாதம் அங்கேதான் இருப்பேன்.

இரண்டு கண்ணும் தெரிகிறது. கட்டை அவிழ்த்ததும் என்னையே ஐந்து நிமிஷம் பார்த்தாள். "நரச்சுட்டியேடா," என்றாள். அவ்வளவுதான், நாலு வருஷத்துக்கு அவள் போட்ட சண்டை.

நான் உன்னைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, சத்தியம். மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே கேட்டாள்: "என்னையக் கூட்டிட்டு வந்த அந்த இன் சாலாப் பையன் ஊர் போய்ச் சேந்தானா?"

சேர்ந்திருப்பான் என்றேன்.

"நல்ல பையன். நின்ன எடத்துலயெல்லாம் ரொட்டி வாங்கிக் குடுத்தான். பேரீச்சையில கொட்டையக்கூட எடுத்துட்டுத்தான் குடுத்தான். ஆனா ரெண்டு நாளும் அவன் மெல்லுற சத்தம் ஒரு தடவகூட எனக்குக் கேக்கல."

நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"கண்ணு தெரியாத கெளவி பக்கத்துல உக்காந்து திங்க ஊரான் பிள்ளைக்கு என்னடா வெட்கம்? மாமியா முன்னாடி மருமகன்தான்டா வாயத் தொறக்க மாட்டான்."

அவள் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனுக்கு எழுது. நான் ஊருக்கு வந்ததும் என் கையால சமைக்கிறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து வயிறாரச் சாப்பிடட்டும். நான் பாக்க மாட்டேன்."

கியார்